எங்க ஊரு உப்போடை எங்க ஆரம்பிக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கிழக்குக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தா ஊரு ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல, ஈசிஆர்ல இருந்து கிழக்க இறங்குனா ஒண்ணரை கிலோமீட்டர்ல வர்ற சின்ன ஊரு, நூறு வீடு கூட இருக்காது. ஊருக்கு வடக்க ஒரு ஓடை போகுது. சின்ன வயசுல லீவுக்குப் போனா பூராப் பொழுதும் அதுலதான் கிடப்போம். இப்ப அந்த ஓடைய ஒரு சார்ட் பேப்பர்ல கையால மேப்பா வரையலாம்னு உக்காந்துருக்கேன், ஏன்னா அப்பத்தாவுக்கு 82 வயசு ஆச்சு, அவங்க சொல்ற எடத்துப் பேரெல்லாம் அவங்களோட போயிரும்னு பயம் வந்துருச்சு. ஒத்தப்பனை முக்கு, மாட்டுத்துறை, குதிரை முங்குன பள்ளம், இப்புடி இருநூறு அடிக்கு ஒரு பேரு வச்சுருக்காங்க.

போன்ல மேப் எடுத்துப் பாத்தா ஓடைக்குப் பேரே இல்ல, ஒரு நீலக் கோடு மட்டும் இருக்கு, அதுவும் ஈசிஆர் பாலம் தாண்டி மேக்க போனா காணாமப் போயிடுது. ஊர்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கடலுக்குப் போறவங்க கழிங்குறாங்க, வயக்காட்டுக்காரங்க உப்போடைங்குறாங்க, அப்பத்தா வெறும் ஆறுன்னுதான் சொல்லுது.

எனக்கு புரியாத விஷயம் நாலு இருக்கு. ஓடை எங்க ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் உறுதியா தெரியல, கேட்டா மேக்கேர்ந்து வருதுன்னு கைய மட்டும் காட்டுறாங்க. அடுத்தது, சில நாள் காலைல தண்ணி கடலப் பாத்து ஓடுது சாயந்தரம் அப்புடியே திரும்பி மேக்க ஓடுது, இது எம்புட்டு தூரம் உள்ள வரும்? அப்புறம் கடல்ல சேர்ற எடம் இப்ப மணல் அடைச்சுக் கிடக்கு, அப்பத்தா கல்யாணமாகி வந்தப்ப கோயிலுக்கு நேரா இருந்துச்சாம், இப்ப ஒரு பர்லாங் தெக்க தள்ளிப் போயிருச்சு. கடைசியா, ஓடைல கால வச்சா உப்புக் கரிக்குது ஆனா அதுக்கு நூறு அடி தள்ளி மணல் மேட்டுல ஊத்து தோண்டுனா எளனி மாதிரி நல்ல தண்ணி, அது எப்புடி? இப்ப புரட்டாசி, ஓடை பாதி வத்திக் கிடக்கு, நடந்தே பாக்கலாம்னு இருக்கேன், எதப் பாக்கணும்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.


கண்மாய்க்கரை எழுதியது:

தம்பி, நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஆளு, விவசாயம். நீங்க ஓடைய கடல் பக்கத்துலேர்ந்து பாக்குறீங்க, அதான் ஆரம்பம் தெரிய மாட்டேங்குது. மலைல பொறந்து வர்ற ஆறு மாதிரி அதுக்கு ஊத்துக்கண்ணு தேடாதீங்க. நம்ம மாவட்டத்துல ஓடைன்னா பெரும்பாலும் ஒரு கண்மாயோட மறுகால்தான், அதாவது கண்மாய் ரொம்பி மிஞ்சுன தண்ணி போற வழி. மேக்க ஒரு கண்மாய் ரொம்பும், மிச்சத் தண்ணி வெளியேறக் கரைல கட்டி வச்ச கலுங்கு வழியா வழியும், அந்தத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும், அது ரொம்பி வழிஞ்சா அதுக்கு அடுத்தது, இப்புடி சங்கிலி மாதிரி கெழக்க வந்து கடைசிக் கண்மாய் கலுங்குல வழியுறதுக்குப் போக எடமில்லாம கடலுக்குப் போகும் பாருங்க, அதுதான் உங்க ஓடை. அதனால உங்க ஓடை எங்க ஆரம்பிக்குதுன்னா கடைக்கோடிக் கண்மாயோட கலுங்குலதான். அதுக்கு மேக்க இருக்குறது கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால், அது வேற கண்மாயோட கணக்கு.

வைகையே எங்க முடியுதுன்னு யோசிச்சுப் பாருங்க. வருசநாட்டு மலைலேர்ந்து 258 கிலோமீட்டர் வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல அடங்குது, அது ரொம்பி மிஞ்சுனாத்தான் ஆத்தங்கரைகிட்ட கடலுக்கு. எத்தனையோ வருசம் கடலுக்கு ஒரு சொட்டு கூடப் போகாது. அம்புட்டுப் பெரிய ஆத்துக்கே இந்த நெலமைன்னா பேரில்லாத ஓடை எப்புடி இருக்கும். எங்க ஊரு கண்மாய நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைம்பாங்க, ஒரு கரைலேர்ந்து மறு கரைக்கு நாரை ஒரே மூச்சுல பறக்க முடியாதுங்குற அளவுக்குப் பெருசுன்னு அர்த்தம். அது மாதிரி பெரிய கண்மாய் ரொம்பி, அதுக்குக் கீழ இருக்குற சின்னச் சின்னக் கண்மாய் எல்லாம் ரொம்பி, அப்புறம்தான் உங்களுக்கு வரும். ஐப்பசில நல்ல மழை பேஞ்சாலும் உங்க ஓடைல புதுத்தண்ணி கார்த்திகைலதான் வரும், அதுக்குக் காரணம் இதுதான், முதல் மழை பூராவும் மேக்க கண்மாய் குடிச்சுரும்.

டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளம் காட்டுற சர்வே மேப் வாங்கி சமஉயரக் கோடு பாத்து கண்டுபிடிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த ஷீட்ல கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் இல்ல 20 மீட்டர் இருக்கும், நம்ம கடலோர ஊரு பூராவும் முதல் கோட்டுக்கே கீழதான் கெடக்கு, ஒரு கோடு கூட குறுக்க வராது. அதுக்குப் பதிலா விஏஓகிட்ட கிராம வரைபடம் கேட்டுப் பாருங்க, ஓடைப் புறம்போக்குன்னு தனி சர்வே நம்பர் போட்டு வளைஞ்சு வளைஞ்சு போகும், புலப்படம் ஆன்லைன்லயே எடுக்கலாம். இன்னைக்கு சீமைக்கருவை மண்டி ஓடையே தெரியாத எடத்துலயும் காகிதத்துல ஓடை இருக்கும். எங்க பக்கம் ஒரு மறுகால் ஓடைய அப்புடித்தான் திரும்பக் கண்டுபிடிச்சோம், கருவைய வெட்டி எடுத்தப்புறம் பாத்தா கரை ரெண்டும் அப்புடியே நிக்குது. அதப் பாத்த அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசத்த சொல்லத் தெரியல.


நண்டுவலை எழுதியது:

அண்ணே நான் மோர்ப்பண்ணை பக்கம், தொழிலுக்குப் போறவன். தண்ணி திரும்புறத கேட்டிருந்தீங்க. கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறும் ரெண்டு தடவ வத்தும், தினமும் முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளித் தள்ளிப் போகும், அதனால இன்னைக்கு காலைல உள்ள வந்தது ஒரு வாரம் கழிச்சு அதே நேரத்துல வெளிய போகும். அமாவாசை பௌர்ணமிக்கு ஏத்தம் பெருசு, அட்டமி நவமிக்கு தண்ணி அவ்வளவா அசையாது, அன்னைக்குப் போயி பாத்துட்டு ஓடை திரும்பலன்னு எழுதிறாதீங்க. நம்ம வடகடல்ல, அதான் பாக் விரிகுடாவுல, ஏத்த எறக்கம் ஒரு மீட்டர் கூட வராது, ஆனா தரை தாம்பாளம் மாதிரி தட்டையா இருக்குறதால அந்த முழங்கால் அளவுத் தண்ணியே கிலோமீட்டர் கணக்குல உள்ள ஏறிப் போயிரும்.

அப்புறம் ஓடை கடல்ல சேர்ற முகம் நகர்றது. நம்ம கடல பெண்கடல்னும் மன்னார் பக்கத்துக் கடல ஆண்கடல்னும் சொல்லுவாங்க கேட்டுருப்பீங்க. வருசத்துல பாதி நாள் இங்க அலையே இருக்காது, தேவிபட்டினத்துல நவபாஷாணம் கடலுக்குள்ளயே நிக்குதுல்ல, அப்புடி ஒரு கடல். ஆனா வாடைக்காத்து ஆரம்பிச்சா கதை வேற. ஐப்பசிலேர்ந்து தை வரைக்கும் வடகெழக்க இருந்து அலை சாய்வா வந்து கரைய அடிக்கும், மணல தெக்க தெக்க இழுத்துக்கிட்டே போகும். அந்த மணல் உங்க ஓடை வாய்க்கு வடக்கு ஓரத்துல நாக்கு மாதிரி வளரும், ஓடை அதச் சுத்திக்கிட்டு தெக்க போயி கடல்ல விழும். உங்க அப்பத்தா சொல்றது நூத்துக்கு நூறு சரி. கூகுள் எர்த்ல பழைய வருசத்துப் படத்தெல்லாம் ஒண்ணொண்ணா தள்ளிப் பாருங்க, அந்த நாக்கு வளர்றது தெரியும்.

மாசிக்கு மேல மேக்கேர்ந்து தண்ணி வரத்து நின்னுரும், தள்ளுறதுக்கு ஆளில்லாததால மணல் வாய அடைச்சுரும். அப்புறம் ஓடை குட்டை மாதிரிதான், சித்திரை வெயில்ல தண்ணி வத்தி கடல விட அதிகமா கரிக்கும், ஓரத்துல உப்பு பூத்து வெள்ளையா கிடக்கும். கார்த்திகைல புதுத்தண்ணி வந்து முட்டுனா தானா ஒடைஞ்சுரும், இல்லாட்டி ஊரே மம்பட்டி எடுத்துட்டுப் போயி முகத்த வெட்டி விடுவோம். ஒரு அடி அகலம் வெட்டுனாப் போதும், விடியறதுக்குள்ள முப்பது அடிக்கு அறுத்துக்கிட்டுப் போயிரும். எப்ப வெட்டுறதுன்னு வயக்காட்டுக்காரங்களோட ஒரு பேச்சு நடக்கும், அவங்களுக்கு வெள்ளம் சீக்கிரம் வடியணும், எங்களுக்கு மீன்குஞ்சு எறா குஞ்சு உள்ள ஏறுறதுக்கு வாய் தொறக்கணும். மடவை, கொடுவா, எறால் எல்லாம் கடல்ல பொறந்து சின்னதுல இந்த மாதிரி கழிக்குள்ளதான் வந்து வளரும். வாய் தொறக்காத வருசம் கரையில எங்களுக்கு பொழப்பு கம்மி. ஓடைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு மேக்க இருக்குறவங்க நெனைக்கக் கூடாதுன்னுதான் இம்புட்டு எழுதுறேன்.


பழைய_ஆத்துமணல் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். கண்மாய்க்கரை அண்ணே சொல்றது சரிதான் ஆனா எல்லா ஓடையும் மறுகால்னு சொல்லிற முடியாது. கோட்டைக்கரையாறு காரங்காட்டுகிட்ட கடல்ல சேருது, அது அந்தக் காலத்துல வேற எங்கயாவது வாய் வச்சுருந்து அப்புறம் எடம் மாறியிருக்கலாம்ல. விட்டுட்டுப் போன பழைய வாய்தான் இவரு ஊரு ஓடையா இருக்கலாம். எங்க தாத்தா அப்புடித்தான் சொல்லுவாரு, அங்க ஒரு காலத்துல பெரிய ஆறு ஓடுச்சுன்னு.


ஜியாகரபிடீச்சர் எழுதியது:

வணக்கம். நான் இந்தக் கடலோரத்துப் பள்ளிக்கூடங்கள்ல ஜியாகரபி டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆனவ. இந்தக் கேள்வியப் பாத்ததும் மனசு நெறைஞ்சு போச்சு தம்பி, புஸ்தகத்துல நைல் நதிய படிச்சுட்டு வீட்டுக்குப் பின்னாடி ஓடுற ஓடைய பாக்காமலே போன பிள்ளைங்கதான் எனக்கு அதிகம்.

முதல்ல ஊத்து. மணல் மேட்டுல பேயுற மழை ஓடாது, அப்புடியே உள்ள எறங்கும். கீழ கடல் தண்ணி ஊறி நிக்குது, அது கனம் அதிகம். நல்ல தண்ணி லேசு, அதனால கலக்காம மேல மெதந்துக்கிட்டு நிக்கும், எண்ணெய் மாதிரின்னு வச்சுக்குங்க. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா அதுக்குக் கீழ சுமாரா நாப்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்க திருப்பிப் போட்டுப் பாருங்க, மோட்டார் வச்சு உறிஞ்சி மேல ஒரு அடி எறக்கிட்டோம்னா கீழேர்ந்து உப்பு நாப்பது அடி ஏறி வரும். அதனாலதான் நம்ம பொம்பளைங்க ரெண்டு மூணு அடி மட்டும் தோண்டி, ஊற ஊற செரட்டையால மொண்டு குடத்துல ஊத்துனாங்க. அந்தப் பொறுமைலதான் இந்தக் கடற்கரைல எத்தனையோ ஊரு குடிச்சுப் பொழைச்சுது. அந்த மேட்டுல ஆழ்குழாய் போடாம பாத்துக்கச் சொல்லுங்க, மணல் அள்ளவும் விடாதீங்க, மேடு போனா ஊத்தும் போச்சு.

அந்த மேடு பத்தி இன்னொண்ணு. உங்க ஊரு வீடெல்லாம், பனை எல்லாம் வடக்க தெக்க நீளமா ஒரு மேட்டு மேலதான் இருக்கும், அதுக்கு மேக்க பள்ளமா தரவை, ஆடு மாடு மேயும், மழைக்கு தண்ணி நிக்கும். அதுக்கும் மேக்க பாத்தா இன்னொரு மேடு இருந்தாலும் இருக்கும். சில ஆயிரம் வருசத்துக்கு முந்தி கடல் இப்ப இருக்குறதவிட உள்ள இருந்துச்சு, அது பின்வாங்கப் பின்வாங்க விட்டுட்டுப் போன பழைய கரைகதான் இந்த மேடெல்லாம். ஓடை கெழக்க வந்துக்கிட்டே இருந்து சடார்னு தெக்கயோ வடக்கயோ திரும்புற எடம் இருந்தா குறிச்சு வச்சுக்கங்க, பெரும்பாலும் அங்க ஒரு பழைய கரை மேடு அத மறிச்சிருக்கும்.

பழைய ஆறு சங்கதிய மண்ணக் கேட்டாலே சொல்லிரும். மேக்க யாராவது கெணறு வெட்டுன எடத்துல என்ன மண்ணு வந்துச்சுன்னு விசாரிங்க. ஆத்து மணல்னா பருபருன்னு, கூழாங்கல்லு கலந்து வரும். கடல் விட்ட மண்ணுன்னா நைசா இருக்கும், கிளிஞ்சல் கிடக்கும். வெறும் கருப்புக் களின்னா தண்ணி தேங்கி நின்ன பள்ளம். தாத்தா சொன்னத தள்ளவும் வேண்டாம், அப்புடியே எழுதவும் வேண்டாம், கெணத்து மண்ணு சொல்றத எழுதுங்க.


கிழக்குக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி பூரா திரும்பத் திரும்ப வாசிச்சேன். டீச்சர், குதிரை முங்குன பள்ளத்துலதான் ஓடை சடார்னு தெக்க திரும்புது, அங்க வடக்க தெக்க பனை வரிசை இருக்கு, நீங்க சொன்னதும்தான் ஒறைச்சுச்சு. இன்னொரு விஷயம், பாலத்துக்கு மேக்க ஒரு மண் ரோடு ஓடைய குறுக்க கடக்குது, அங்க நாலு சிமெண்ட் குழாய் மட்டும் போட்டு மேல ரோட்ட போட்டுட்டாங்க, ரெண்டு குழாய் மண்ணு அடைச்சுக் கிடக்கு. அதுக்கு அங்கிட்டு மேப்ல நீலக் கோடு இல்ல. கழி எது வரைக்கும், நல்ல தண்ணி ஓடை எதுலேர்ந்துன்னு கோடு போட ஏதாவது வழி இருக்கா?


நண்டுவலை எழுதியது:

செடியப் பாருங்கண்ணே. தடிச்ச எலையோட செவந்து கிடக்குற உமரி எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும் உப்பு ஏறுது. கோரையும் நாணலும் ஆரம்பிச்சா நல்ல தண்ணி. அலையாத்தி ஒண்ணு ரெண்டு நிக்குதான்னும் பாருங்க, அது எலைய நக்குனா உப்பு தெரியும், வேர் சேத்துலேர்ந்து பென்சில் மாதிரி மேல நீட்டிக்கிட்டு இருக்கும். அலையாத்தி நல்லா வளந்து நின்னா எப்புடி இருக்கும்னு பாக்கணும்னா காரங்காட்டுல வனத்துறை படகு விடுறாங்க போயிட்டு வாங்க. மண்டிக் கிடக்கும், கூழைக்கடா எல்லாம் வந்து உக்காந்துருக்கும்.


ஜியாகரபிடீச்சர் எழுதியது:

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிலயும் இதுக்கு ஒரு அளவு இருக்கு தம்பி. கடல் ஏத்தம் வர்ற ஓடைன்னா எது வரைக்கும்னா, வருசத்துலயே ரொம்ப வறண்ட நாள்ல தண்ணில உப்பு ஆயிரத்துல அஞ்சு பங்கு இருக்குற எடம் வரைக்கும். கடல் தண்ணி ஆயிரத்துக்கு முப்பத்தஞ்சு சுமார், அப்ப அதுல ஏழுல ஒண்ணு. அந்த எடம் வரைக்கும் ஓடைக்கும் அதன் கரைக்கும் சட்டத்துப் பாதுகாப்பு உண்டு. உப்புமானி சின்னதா ஆன்லைன்ல கெடைக்குது, சித்திரை வைகாசில போயி அளந்து உங்க மேப்ல அந்தப் புள்ளிய வைங்க. நாளைக்கு யாராவது இது வெறும் பள்ளம்னு சொல்லி வேலி போட வந்தா அந்தப் புள்ளி பேசும்.


தென்கடல் எழுதியது:

நான் சாயல்குடி பக்கம், எங்களுது மன்னார் வளைகுடா. இங்க எல்லாம் தலைகீழ். உங்களுக்கு வாடைல கடல் கலங்கும், எங்களுக்கு வைகாசிலேர்ந்து கச்சான் காத்துல, அதான் தென்மேக்குக் காத்துல, கொந்தளிக்கும், அப்ப மணல் தெக்கேர்ந்து வடக்க போகும். குண்டாறு மூக்கையூர்கிட்ட வந்து சேர்றதப் பாத்தாலும் இதே கதைதான், மழை இல்லாத மாசத்துல மணல் ஜெயிக்கும். அதனால நண்டுவலை தம்பி சொன்ன தெக்க நகர்ற கணக்க எங்க ஓடைகளுக்கு அப்புடியே போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஒரே மாவட்டம், ரெண்டு கடல்.


கிழக்குக்கரை எழுதியது:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். புரட்டாசி கடைசில ஒரு நாள் பூரா மேக்க நடந்தேன். மண் ரோட்டுக் குழாய்க்கு மேக்க அறுநூறு மீட்டர் போல உமரி இருந்துச்சு, அப்புறம் கோரை. அதுலேர்ந்து கருவைக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு ஒரு கிலோமீட்டருக்கு மேல போனா கல்லுக் கட்டுன ஒரு கலுங்கு, கண்மாய்க்கரை அண்ணே சொன்னது அப்புடியே. பக்கத்துல ஆடு மேச்சுக்கிட்டு இருந்த பெரியவரு, மறுகால் போயி நாலு வருசம் ஆச்சுன்னாரு. அவருகிட்ட கேட்டா, ஓடைக்கு அவங்க ஊருல பேரு கலுங்குக்கால். ஆக ஒரே ஓடைக்கு நாலாவது பேரு. நாலையும் அதது எந்த எடத்துல வழங்குதோ அங்கயே மேப்ல எழுதிட்டேன். கெணத்து மண்ணும் விசாரிச்சேன், பனை வரிசைக்கு கெழக்க கிளிஞ்சல், மேக்க கருப்புக் களி, கூழாங்கல்லு எங்கயும் வரலயாம்.

அப்புறம் போன வாரம், கார்த்திகை, ஊர்லேர்ந்து போன் வந்துச்சு கலுங்கு வழியுதுன்னு. லீவு போட்டுட்டுப் போனேன். மண் ரோட்டுக்கிட்ட ஊர்ப் பசங்களோட சேந்து குழாய்ல அடைச்ச மண்ண எடுத்து விட்டோம், அரை நாள் ஆச்சு. அங்கேர்ந்து தண்ணி கலங்கலா செம்மண் கலர்ல மெதுவா வந்து குதிரை முங்குன பள்ளத்துல தேங்கி ரொம்பி அப்புறம் தெக்க திரும்புனதக் கூடவே நடந்து பாத்தேன். சாயந்தரம் முகத்துல வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. ராத்திரி பத்து மணி போல எட்டு பேரு மம்பட்டியோட போயி வெட்டுனாங்க, நானும் ஒரு கை போட்டேன். மொதல்ல கை அகலத்துக்கு ஓடுச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்துன்னு விழ ஆரம்பிச்சு, பன்னண்டு மணிக்கு எங்களால அக்கரைக்குத் தாண்ட முடியல.

காலைல அப்பத்தாவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, கோயிலுக்கு நேரா இருந்த பழைய வாய் எதுன்னு கம்பால மணல்ல கோடு போட்டுக் காட்டுச்சு. புது வாய்லேர்ந்து அந்தக் கோடு வரைக்கும் கயிறு பிடிச்சு அளந்தேன், 214 மீட்டர். மேப்ல புள்ளிக்கோடா போட்டு அப்பத்தா பேர எழுதிட்டேன். இனி பாக்கி உப்பு அளக்குறது மட்டும்தான், சித்திரைல போறேன், டீச்சர் எந்த உப்புமானி வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க.